பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எல்லாத்தையும் பையன் பார்த்துக்குவான்." நான் பார்த்தவரை முக்கால்வாசிச் சிக்கல்கள் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. டல்லாஸில் இருக்கும் பிள்ளை படிவம் நிரப்பி, டிக்கெட் போட்டு, இன்சூரன்ஸும் எடுத்துவிடுகிறான். ஆனால் விசா அதிகாரி முன் நிற்கப்போவது அப்பாவும் அம்மாவும்தான்.

டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்து இருவரும் ஒரு முறையாவது படித்துவிட வேண்டும். செலவு யாருடையது, எத்தனை நாள் தங்குவீர்கள், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். மகன் செலவு செய்வதாகப் படிவம் சொல்ல, "என் பென்ஷன்ல போறேன் சார்" என்று அப்பா சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். மனப்பாடம் செய்த ஆங்கிலமும் வேண்டாம். சென்னைத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. அப்படி இருந்தால் உங்கள் பெயர் விசாவில் குடும்பப் பெயராக ஏறி, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். டிக்கெட்டில் பெயர் எப்படிப் போடுவது என்பதிலிருந்து குழப்பம் தொடரும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்து எழுதி பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது, எல்லாவற்றிலும் ஆபத்தானது. பத்து வருட விசா என்பது பத்து வருடம் தங்கும் அனுமதி அல்ல. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரிதான் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தத் தேதி ஐ-94 என்னும் வருகைப் பதிவில் இருக்கும், இணையத்தில் பார்க்கலாம். அதைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் கையிலுள்ள விசா செல்லாமல் போய்விடும். பேரன் பிறந்தநாளுக்காக இன்னும் கொஞ்ச நாள் இருக்க நினைத்தால், அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

மூட்டை கட்டும்போது அம்மாக்களின் பாசத்துக்கு அளவே இருக்காது. பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சரி. பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் தங்கும் என்பதால் தடை. பழங்களும் கருவாடு அல்லாத இறைச்சி வகைகளும் வேண்டாம். உணவு கொண்டுவந்திருப்பதைச் சுங்கத்தில் மறைக்கவே கூடாது. தடை செய்யப்பட்ட பொருளை மறைத்துப் பிடிபட்டால் முதல் தடவையே 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவைக் கையால் தொடாதீர்கள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சாம்பார்ப் பொடியைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிகளை அமெரிக்கா போகும் விமானங்களில் தடுக்கலாம்.

மாத்திரைகள் இதற்கு நேரெதிர், கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி வராமல் போனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அங்கே கடையில் கேட்டவுடன் மருந்து கிடைக்காது, டாக்டர் சீட்டு வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொண்டு, மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல) எழுதிய சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை மலிவு என்று மட்டும் பார்த்து இன்சூரன்ஸ் எடுப்பது பெரிய தவறு. மலிவான பாலிசிகள் பலவற்றில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு முன் அது ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே இதய நோய் இருந்தால், அது திடீரென முற்றும்போது பாலிசி கைகொடுக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம்மூர் போன் சிம்மையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்து, ரோமிங்கை ஊரிலிருக்கும்போதே போட்டுவிடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் அங்கே இருப்பதானால், வாழ்நாள் சான்றை எப்படிக் கொடுப்பது என்று புறப்படும் முன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.