பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் நோட்டைப் புரட்டுங்கள்

அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று முடிவெடுக்கும் முன், இரண்டிலும் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தவறான விடையைச் சிவப்பு மையால் அடித்ததோடு சரியா, எந்தப் படியில் பிசகியது என்று ஆசிரியர் காட்டியிருக்கிறாரா? கட்டடத்தைவிட இதுதான் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும். ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்றும் அவசியம் கேளுங்கள். ஆண்டின் நடுவில் ஆசிரியர் மாறினால் சிறு பிள்ளைகள் தடுமாறிப்போவார்கள். தேர்ச்சி விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கும் பள்ளியில் அது உயர்ந்துதான் இருக்கும். தனியார் பள்ளி என்றால், கட்டணத்தோடு வாகனம், சீருடை, புத்தகச் செலவையும் கூட்டி, படிப்பு முடியும்வரை தாங்குமா என்று கணக்கிடுங்கள்.