பீர் காய்ச்சும் முன் ஈஸ்டைப் பெருக்கிக்கொள்வது எப்படி?

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்கள் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸையும் (கசப்பும் மணமும் தரும் பூ) பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். ஈஸ்டை மட்டும் பொட்டலத்தைக் கிழித்து அப்படியே கொட்டிவிடுவார்கள். ஈஸ்ட் போதாவிட்டால் நொதிப்பு தொடங்கவே தாமதமாகும். அந்த இடைவெளியில் வேண்டாத பாக்டீரியா புகுந்துகொள்ளும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எவ்வளவு ஈஸ்ட் வேண்டும்?

அடர்த்தி 1.048 (தண்ணீர் 1.000 என்று வைத்து அளப்பது) உள்ள 20 லிட்டர் ஏலுக்கு, அதாவது அறை வெப்பத்தை ஒட்டி நொதிக்கும் பீருக்கு, சுமார் 18,000 கோடி செல்கள் தேவை. குளிரில் நொதிக்கும் லாகருக்கு இரண்டு மடங்கு. திரவ ஈஸ்ட் பொதிகள் பலவற்றில், புதிதாக இருக்கும்போதே, 10,000 கோடி அளவில்தான் இருக்கும். நாளாக ஆக ஃபிரிட்ஜிலேயே அவை செத்துக்கொண்டும் வரும். அதனால்தான் ஸ்டார்ட்டர், அதாவது ஈஸ்டை முன்கூட்டியே சிறிதளவு மால்ட் கரைசலில் வளர்த்துக்கொள்வது. உலர் ஈஸ்ட் வாங்கினால் இந்த வேலையே வேண்டாம்.

படி 1: மால்ட் கரைசல்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் பொடி. அடர்த்தி 1.037 பக்கம் வரும். அதற்கு மேல் போகாதீர்கள். நமக்கு வேண்டியது ஈஸ்ட், குடிக்க பீர் அல்ல. பொடியைப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். ஆவி பறக்கும் தண்ணீரில் போட்டால் கரண்டியோடு பிசின்போல் ஒட்டிக் கட்டிதட்டும். பிறகு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதி வரும் நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது, நுரை சட்டென்று பொங்கி வழியும். ஹாப்ஸ் தேவையில்லை.

படி 2: ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பது

மூடிய பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து 20 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தத்தில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாத கட்டம் இதுதான். கொதிக்கும்வரை கிருமி எது விழுந்தாலும் சாகும். ஆறிய பிறகு விழுவது ஈஸ்டோடு சேர்ந்து பெருகும். குடுவை, புனல், மூடும் அலுமினியத் தாள், ஈஸ்ட் பொதியைக் கிழிக்கும் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் நனைத்தெடுங்கள். 2 லிட்டர் குடுவையில் கரைசலையும் ஈஸ்டையும் ஊற்றித் தாளால் தளர்வாக மூடுங்கள். இறுக்கி அடைத்தால் வாயு வெளியேற முடியாது.

படி 3: சுழற்றிவிடுவது

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குடுவையைச் சுழற்றிவிடுங்கள். செல்சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள்களைச் செய்ய ஈஸ்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். காந்தக் கலக்கி இருந்தால் இன்னும் நல்லது.

24 முதல் 36 மணி நேரத்தில் தயாராகிவிடும். நுரையே காணோமே என்று பலர் பயந்துவிடுகிறார்கள். நுரை இரவோடு இரவாக வந்து அடங்கியிருக்கலாம். கரைசல் பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கிறதா, அடியில் வெளிர்மஞ்சளாக மண்டி படிகிறதா என்று பாருங்கள். ரொட்டி வாசம் வந்தால் சரி. வினிகர் நெடி அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

படி 4: வடித்து ஊற்றுவது

ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படியும். மேலே தெளிந்ததை வடித்துவிட்டு, மிச்சம் வைத்த கொஞ்சம் திரவத்தோடு மண்டியைக் கலக்கி, அறை வெப்பத்துக்கு வந்ததும் பீர் கரைசலில் ஊற்றுங்கள்.

பாட்டில் அடிமண்டியிலிருந்து

கடையில் வாங்கிய சில பீர் பாட்டில்களின் அடியில் படிந்திருக்கும் ஈஸ்டையும் இப்படி வளர்க்கலாம். கை பழகிய பிறகு இதில் இறங்குங்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா பேல் ஏல் பாட்டிலுக்குள்ளேயே நொதிப்பு முடிப்பது, அடியில் உயிருள்ள ஈஸ்ட் இருக்கும். புதிய பாட்டிலாகப் பாருங்கள். சில நாள் நிமிர்த்திக் குளிரவைத்து, மண்டி கலங்காமல் பீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பாட்டிலின் வாயைக் கிருமிநீக்கியால் துடையுங்கள். 50 மில்லி தண்ணீரில் இரண்டரை கிராம் மால்ட் கொதிக்கவைத்து, ஆறியதும் பாட்டிலிலேயே ஊற்றித் தாளால் மூடுங்கள். களைத்துப்போன செல்களுக்கு அடர்த்தி குறைவான உணவே ஏற்றது. நொதிப்பு தெரிய சில நாள் ஆகலாம். பிறகு 250 மில்லி, அடுத்து ஒரு லிட்டர், இவை மேலே சொன்ன அளவு மால்ட்டோடு. ஒவ்வொரு கட்டத்திலும் முகர்ந்து பாருங்கள்.

எல்லா பாட்டிலும் இதற்கு உதவாது. சில ஆலைகள் பாட்டிலில் அடைக்கும்போது வேறு ரக ஈஸ்டைச் சேர்க்கின்றன. அதனால் புதிய மண்டியில் வளர்த்ததை முதலில் 4 லிட்டர் பீரில் மட்டும் போட்டுச் சுவைத்துப் பாருங்கள்.