மேல் சுக்கானை மூடித் தைக்க எந்தப் பிளாஸ்டிக் தாள்?

ஸ்காபரோவில் படகுத் துணி தைக்கிறேன். ஃபிளைபிரிட்ஜை, அதாவது படகின் மேல்தளத்தில் சுக்கான் இருக்கிற இடத்தை, மூடித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிளாஸ்டிக் நல்லது அக்கா?" எந்த ஜன்னலுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். முன் ஜன்னலுக்கூடாகப் பார்த்துத்தான் படகை ஓட்டுவீர்கள். பக்க ஜன்னல்களை வெயில் நாளில் சுருட்டிக் கட்டுவீர்கள். பின் ஜன்னல் மழையைத் தடுத்தால் போதும். மூன்றுக்கும் ஒரே தாளைப் போட்டால், ஒன்று காசு வீண், அல்லது தலையிடி.

சுருட்டக்கூடியது கிளியர் வினைல், அதாவது வளைகிற தெளிவான பிளாஸ்டிக் தாள். தடிப்பைக் கேஜில் சொல்வார்கள்: 20 கேஜ் அரை மில்லிமீட்டர், 30 முக்கால், 40 ஒரு மில்லிமீட்டர். மேல்தளத்துக் காற்றில் 20 கேஜ் படபடத்துக்கொண்டே இருக்கும். அதை நான் தைப்பதில்லை. சுருட்டுகிற பக்கங்களுக்கு 30, சுருட்டத் தேவையில்லாத பெரிய ஜன்னலுக்கு 40.

ஆனால் தடிப்பைவிட முக்கியம் தாள் எப்படிச் செய்யப்பட்டது என்பது. ரோலாக வருகிற மலிவு வினைலுக்கூடாகப் பார்த்தால் காட்சி அலையடிக்கும். அழுத்தி மெருகேற்றித் தனித்தனித் தாளாக வருவது தெளிவானது. கிரிஸ்டல் கிளியர் 20/20 என்ற பிராண்ட் அந்த வகை. அதற்கு மேலே கீறல் தாங்கும் பூச்சோடு வருபவை ஸ்ட்ராட்டாகிளாஸ், ஓ'சீ. கடையில் மாதிரித் துண்டை வாங்கி வெளியே வாருங்கள். நேராகப் பிடித்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். சரித்துப் பிடித்து, தூரத்துப் பாய்மரம் ஒன்றைப் பார்த்தபடி துண்டை மெல்ல அசையுங்கள். பாய்மரம் பாம்பு மாதிரி நெளிந்தால் பின் ஜன்னலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். சுக்கானில் இருந்து பக்க ஜன்னலைச் சரிவாகத்தானே பார்ப்பீர்கள்.

முன் ஜன்னலுக்கு என் தெரிவு பாலிகார்பனேட் என்ற விறைப்பான பிளாஸ்டிக். மக்ரோலான் என்று பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடையில் தெரியும். ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் தடிப்பு, இரண்டு பக்கமும் கடினப் பூச்சு. பூச்சில்லாதது மலிவு என்று யாராவது காட்டினால் வேண்டாம். வெயிலில் மஞ்சளாகும், கீறலும் சீக்கிரம் விழும். இது சுருளாது. மேலே தூக்கிக் கொளுவ இடமிருக்கிறதா, கழற்றினால் தட்டையாக எங்கே வைப்பீர்கள் என்று ஓடர் கொடுக்க முன்பே யோசியுங்கள். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதில் வானவில் கோடுகள் தெரியலாம். அதனால் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மாதிரியைப் பாருங்கள்.

அக்ரிலிக் என்ற இன்னொரு விறைப்பான பிளாஸ்டிக் இன்னும் தெளிவு, வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அடிபட்டால் வெடிக்கும். உண்மையான கண்ணாடி போட்டால் வைப்பர் பூட்டலாம், சரிதான். பாரத்தை ஒருக்கால் கணக்குப் பாருங்கள்: 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, 2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 2.4 கிலோ. அவ்வளவு உயரத்தில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் படகின் ஆட்டத்தைக் கூட்டும்.

ஒண்டாரியோ ஏரிக்காரர்களுக்குக் குளிர் தனிப் பாடம். குளிர்ந்த வினைலை மடித்தாலோ இறுக்கிச் சுருட்டினாலோ வெடிக்கும். ஒக்டோபரில் படகைக் கரையேற்றும்போது வெயில் விழுந்த ஒரு மத்தியானம் பார்த்துக் கழற்றுங்கள். இடையில் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தளர்வாகச் சுருட்டி, சூடுள்ள பேஸ்மென்டில் வையுங்கள். மடிக்கவே கூடாது. குளிரில் வினைல் சுருங்குவதால் காலையில் சிப் பூட்ட மறுத்தால் இழுத்து மல்லுக்கட்டாமல் வெயில் வரும்வரை விடுங்கள்.

தைக்கிறவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நூல் என்ன? டெனாரா என்ற பிராண்ட் மாதிரியான, பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கில் செய்த நூலை வெயில் அரிக்காது. பொலியெஸ்டர் நூல், நல்ல தாள் இருக்கும்போதே இற்றுப்போகும். அடுத்தது, குழாய்ச் சட்டம் தாளைத் தொடுகிற இடத்தில் வெள்ளைப் பட்டி வைப்பாரா? சுட்ட குழாய் வினைலில் விட்ட தழும்பு போகவே போகாது.

இனி, அழகைவிடப் பெரிய விஷயம். முன்னும் பக்கமும் மூடிப் பின்பக்கம் திறந்து ஓடினால், எஞ்சின் புகை பின்னால் சுழன்று உள்ளே ஏறும். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. முன்பக்கம் ஒரு திறப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், அலாரம் ஒன்றையும் மேலே பூட்டுங்கள்.

துடைப்பது சுலபம். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியையும் சிலந்தி எச்சத்தையும் கழுவிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். பேப்பர் டவல் கீறும். அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் தாளைக் கெடுக்கும். டீட் உள்ள நுளம்பு மருந்தும் சன்ஸ்கிரீனும் பட்ட கையால் தொட்டால் விரல் அடையாளம் நிரந்தரம். பிள்ளைகளுக்கு ஸ்பிரே அடிப்பதென்றால் டொக்கிலேயே அடித்து, கையைக் கழுவ வைத்து, பிறகு மேலே ஏற்றுங்கள்.