வளவு வீட்டில் நடக்கும் விடுதிக்குச் சொத்துப் பதிவேடு எழுதும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வளவு வீட்டை (நடுவே வளவு என்னும் முற்றம் கொண்ட செட்டிநாட்டு வீட்டை) குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதி நடத்தும் நிறுவனம், நிலைச் சொத்துப் பதிவேட்டை (பல ஆண்டு பயன்படுத்த வாங்கிய பொருள்களின் ஏட்டை) தொடங்கும் முன்பே, வீட்டிலுள்ள பொருள்களில் எவை தன்னுடையவை, எவை வீட்டுப் பங்காளிகளுடையவை என்று பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் பதித்த தளமும் கட்டடத்தைச் சேர்ந்தவை என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. முகப்பில் கிடக்கும் பெஞ்சு, சுவரில் மாட்டிய நிலைக்கண்ணாடி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அடுக்கியிருக்கும் அண்டா ஆகியவற்றில்தான் பின்னாளில் வழக்கு வரும். ஆகவே பங்காளிகளின் பொருள்களைத் தனிப் பட்டியலாக்கி, படத்தோடு குத்தகைப் பத்திரத்தில் இணைத்து, இரு தரப்பும் கையொப்பமிடுவது நல்லது. அவை நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறவே கூடாது. நிறுவனம் தன் செலவில் கட்டிய குளியலறையும் இழுத்த மின்கம்பியும் ஏறும்.

பதிவேட்டில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்பதே என் பிடிவாதம். "நாற்காலி 40" என்று ஒரே வரியில் எழுதியிருந்த ஓர் ஏட்டைச் சரிபார்க்கப் போய், கணக்கில் 40, கண்ணுக்கு 37 என்று நின்றபோது, காணாமற்போன மூன்றும் எந்த ஆண்டு வாங்கியவை, என்ன மதிப்பு என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு வரியிலும் அடையாள எண், விவரம், பில் எண், விற்றவர் பெயர், பயன்பாட்டுக்கு வந்த தேதி, அடக்கவிலை ஆகியவை இருக்க வேண்டும். வண்டிக் கூலியும் பொருத்தும் கூலியும் அடக்கவிலையில் சேரும். உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்த ஜிஎஸ்டி, அதாவது வாங்கும்போது கொடுத்து, பின் தான் கட்ட வேண்டிய வரியில் நிறுவனம் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி, சேராது, ஏனெனில் அதே வரித்தொகைக்குத் தேய்மானமும் (பொருளின் விலையை ஆண்டுதோறும் பிரித்துச் செலவாகக் கழிப்பதும்) கோரினால் சலுகை கிடைக்காது.

இருக்கும் இடத்துக்கான பத்தியைத்தான் பலரும் வெறுமையாக விடுகிறார்கள். கம்பெனிகளின் தணிக்கை அறிக்கைக்கான 2020ஆம் ஆண்டு ஆணையோ, எண்ணிக்கையோடு இருப்பிடத்தையும் பதிவு காட்டுகிறதா என்று தணிக்கையாளரைச் சொல்லச் சொல்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அவ்வாணை பொருந்தாவிட்டாலும் வழக்கம் நல்லதே. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் உள்ள வீட்டில் "தரைத்தளம்" என்று எழுதினால் பொருளைத் தேடி அரைநாள் போய்விடும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வேலையாட்கள் வாயில் வழங்கும் பெயரோடு அறை எண்ணையும் எழுதுங்கள்.

எண்ணைப் பொருளிலேயே பதிக்க வேண்டும். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிப் பழகிய ஊர் இது. சமையற்கட்டின் பித்தளையிலும் எவர்சில்வரிலும் ஒட்டும் காகிதம் ஒரு மாதம் தாங்காது, எண்ணை வெட்டிவிடுவதே நிலைக்கும்.

தேய்மானத்துக்கு, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கணினிக்கு 3 ஆண்டும், விடுதி அறைகலனுக்கு 8 ஆண்டும், மின் அமைப்புக்கு 10 ஆண்டும் ஆயுள் குறிக்கிறது. வருமான வரிக் கணக்கு வேறு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட பொருளுக்குப் பாதித் தேய்மானமே உண்டு. இரண்டுக்கும் தனிப் பத்திகள் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது, பண்டகசாலைப் பொறுப்பாளர் அல்லாத ஒருவர் ஏட்டிலிருந்து பொருளையும், பிறகு பொருளிலிருந்து ஏட்டையும் தேடிச் சரிபார்க்க வேண்டும். உடைந்ததும் விற்றதும் தெரியவந்தால் அந்த வரியை அழிக்காமல், நீங்கிய தேதி, காரணம், கிடைத்த தொகை, அனுமதித்தவர் கையொப்பம் ஆகியவற்றை அதே வரியில் எழுதி முடியுங்கள். அந்த எண்ணை வேறு பொருளுக்குத் தர வேண்டாம்.