ஆபீஸை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வர ஒரு வழி

சென்னையில் ஐடி ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் யார் மேலாவது எரிந்து விழுகிறீர்களா? அப்படியென்றால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ இறங்கி, போனை சைலன்ட்டில் போட்டு, கடலைப் பார்த்து 10 நிமிடம் உட்காருங்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்புறம் இன்று முடித்த ஒரு வேலையையும், நாளை முதலில் தொடவேண்டிய ஒன்றையும் எழுதுங்கள். ஒன்றுதான், பத்து எழுதினால் அதுவே இன்னொரு ஆபீஸ். (சுண்டல் மடித்த காகிதமே போதும், நான் அதில்தான் எழுதுகிறேன்.) புரமோஷன் கணக்கை மாதம் ஒருமுறை பார்த்தால் போதாதா, தினமும் எதற்கு? மழை நாளென்றால் சரி, மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்காருங்கள்.