பாலியஸ்டர் புடவை கையில் ஒட்டுகிறது, ரேக் ஷாக் அடிக்கிறது: சரிசெய்த விதம்

பர்கூர் ஜவுளிக் கடையில், மாசி பங்குனி வறட்சியில், பாலியஸ்டர் புடவையைக் கவரிலிருந்து உருவினால் கையோடு வரும். இரும்பு ரேக்கைத் தொட்டால் சுளீர். முதலில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மின்கசிவு இல்லை. ஒருமுறை அடித்து, உடனே மறுபடி தொட்டால் அடிக்காதது நிலைமின்சாரம்.

காற்றில் பொறி பறக்க சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் புலம் வேண்டும். 2 மில்லிமீட்டர் பொறிக்கே ஏறத்தாழ 6,000 வோல்ட்! மின்னூட்டம் சொற்பம் என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை.

ரேக்கை எர்த் செய்தும் ஒட்டல் போகவில்லை. போகாதுதான், பாலியஸ்டர் மின்கடத்தாப் பொருள், அதில் ஏறியது கம்பி வழியே இறங்காது. ஈரப்பதம்தான் வழி. ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதம் அளக்கும் கருவி) 25 சதவீதம் காட்டியது. ஏர் கூலரில் தண்ணீர் ஊற்றி ஓட்டி, 50க்கு மேல் வந்ததும் ஒட்டல் நின்றது. 65ஐத் தாண்ட விடாதீர்கள், ஜரிகை கறுக்கும். ஆளுக்கு அடிப்பது நிற்க, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமென்ட் தரையில் நிற்கலாம்.