பெயரை மட்டும் மாற்றினால் போதாது: ப்ரீஆம்ப் இன்புட்டில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் இரண்டு நண்பர்கள் புது ப்ரீஆம்ப் (எந்தக் கருவியின் பாட்டு, எவ்வளவு சத்தம் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி) வாங்கி, மாட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறை இரண்டு பேருமே என் கண் முன்னாலேயே செய்யப் போனார்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது என்பதை எல்லாம் எழுதப் போவதில்லை. அது மாறினால் எதுவும் எரியாது.

பைபாஸ் இன்புட்டுக்குச் சும்மா ஒரு பெயர் வைப்பது

இதுதான் எரிக்கும். ஹோம் தியேட்டர் ரிசீவரும் ப்ரீஆம்பும் ஒரே ஜோடி ஸ்பீக்கரைப் பங்கு போட்டுக்கொள்வதற்காகப் பல ப்ரீஆம்ப்களில் பைபாஸ் என்று ஒரு வசதி உண்டு. சிலவற்றில் தனி சாக்கெட், சிலவற்றில் மெனுவுக்குள் போய் ஏதாவது ஒரு இன்புட்டை அப்படி மாற்றிக்கொள்ளலாம். அந்த இன்புட்டில் ப்ரீஆம்பின் வால்யூம் வேலை செய்யாது, சிக்னல் வந்தபடியே ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குப் போய்விடும். சத்தத்தை ரிசீவர் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு.

நான் மூன்றாவது இன்புட்டை பைபாஸ் ஆக்கி, ‘டிவி’ என்று பெயர் கொடுத்திருந்தேன். அப்புறம் ரிசீவரை விற்றுவிட்டு, காலியாக இருந்த அதே சாக்கெட்டில் ஒரு டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) மாட்டி, மெனுவில் பெயரை ‘பாட்டு’ என்று மாற்றினேன். பெயர்தான் மாறியது, அடியில் பைபாஸ் அப்படியே இருந்தது. குமிழைப் பாதிக்கும் கீழே வைத்து பிளே அழுத்தினேன். டாக் அதிகபட்சம் 2 வோல்ட் தரும், என் பவர் ஆம்ப் அதை 20 மடங்காக்கும், ஆக 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். என் ஆம்ப் வெறும் 80 வாட், அதனால் அலையின் தலையை வெட்டித் தள்ளியது. நான் குமிழைத் திருகுகிறேன், திருகுகிறேன், சத்தம் அசையவே இல்லை! சுவிட்சை அணைப்பதற்குள் இடது ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சு ஒலிகளுக்கான சின்னப் பகுதி) போய்விட்டது. அந்த மாடல் நின்றுபோயிருந்ததால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டி வந்தது. இன்றைக்கும் அந்த மெனுவைத் திறந்தால் எரிச்சல்தான். பெயரும் பைபாஸும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும்படி யார் வடிவமைத்தார்களோ!

அதனால் இப்போது கருவியின் பெயரை மட்டும் எழுதுவதில்லை, ‘ரிசீவர் - பைபாஸ்’ என்றே எழுதுகிறேன். புதிதாக எதை மாட்டினாலும், அதன் சொந்த வால்யூமை அடியில் வைத்து, ப்ரீஆம்ப் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து ஓட விடுங்கள், பிறகு கருவியின் வால்யூமை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போதே பாட்டு கேட்டால் அது பைபாஸ்.

ஃபோனோவில் சிடி பிளேயர்

ஃபோனோ என்பது இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளுக்கான இன்புட். அதன் ஊசி இருக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் வரை, அதாவது 400 மடங்கு. போதாததற்கு, ஃபோனோ இன்புட் பேஸை ஏற்றி ட்ரெபிளை இறக்கும், அது இசைத்தட்டுக்காகச் செய்த ஏற்பாடு. விளைவு, கரகரப்பும் உறுமலும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ஃபோனோ ஆம்ப் இருந்தால் அதையும் இதில் மாட்டாதீர்கள், ஒரே திருத்தம் இரண்டு தடவை நடக்கும். ஒன்று அதன் சுவிட்சை அணையுங்கள், அல்லது சாதாரண லைன் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள். எதைச் செய்தீர்கள் என்பதையும் லேபிளில் எழுதிவிடுங்கள்.

டேப் மானிட்டர்

எந்த இன்புட்டிலும் சத்தம் இல்லையா? சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் அந்தப் பட்டனைப் பாருங்கள், அது அழுந்தியிருந்தால் டேப் சாக்கெட்டில் வருவது மட்டும்தான் கேட்கும்.

‘ஆக்ஸ் 1’, ‘ஆக்ஸ் 2’

இதெல்லாம் ஒரு பெயரா? எந்தக் கருவி என்றே தெரியாது.

லேபிளை நேராக ஒட்டுவது

பின்பக்கத்தை யாரும் நேராக உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒரு கையில் டார்ச், மேலிருந்து குனிந்து எட்டிப் பார்ப்போம், எழுத்து எல்லாம் தலைகீழாகத் தெரியும். சாக்கெட்டுக்கு மேலே இன்னொரு லேபிளைத் தலைகீழாகவே ஒட்டுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் ஒட்டுங்கள், ஒரு முனை மட்டும் என்றால் மறுமுனையைத் தேடி இழுக்கும்போது வேறு எதாவது கழன்று வரும்.